வலிப்பில் தொடங்கி கோமாவில் முடிந்த என் எக்ஸெல் ஷீட்

எட்டு வருஷம் சென்னையில் மெடிக்கல் கோடிங் பார்த்தவள் நான். அமெரிக்க மருத்துவமனைகளின் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலிலிருந்து கோடு போட்டு அனுப்புகிற வேலை. சிபிசி என்ற கோடர் சான்றிதழ்த் தேர்வும் முடித்திருந்தேன். மகன் பிறந்த பிறகு நைட் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்கே வந்துவிட்டோம். இரண்டு வருஷம் சும்மா இருந்தேன். (சும்மா என்று சொல்வது பழக்கதோஷம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எவள் சும்மா இருந்தாள்!) போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு, பழைய டீமில் இருந்த ஒருவர் போன் செய்தார். "வீட்டிலிருந்தே பண்ணலாங்க, மெடிக்கல் அனொடேஷன், நம்ம கோடிங் மாதிரிதான்" என்றார். அந்த "மாதிரிதான்" எனக்கு ஐந்து மாதத்தைத் தின்றது. இதே வேலைக்கு இப்போது நிறைய கோடர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

வேலை இதுதான்: மருத்துவ இதழ்களில் வந்த 800 கேஸ் ரிப்போர்ட்டுகளை, அதாவது நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் எழுதிய கட்டுரைகளைப் படிக்க வேண்டும், எல்லாமே அபூர்வ மரபணு நோய்கள். ஒவ்வொன்றிலும் நோயாளிக்கு என்னென்ன குறைபாடுகள் இருந்தன என்பதை ஹெச்பிஓ என்ற சொல்பட்டியலிலிருந்தும், வருகிற மருந்து, ரசாயனங்களைக் கெபி என்ற பட்டியலிலிருந்தும், பழுதான மரபணு உடம்பில் என்ன வேலை செய்கிறது என்பதை ஜீன் ஆன்டாலஜியிலிருந்தும் எடுத்து ஷீட்டில் நிரப்ப வேண்டும். ஒரு ரிப்போர்ட்டுக்கு ரூ.55. மொத்தம் ரூ.44,000. ஒரு நாளைக்கு இருபது முடித்தால் ஆறே வாரம். பையனைப் பகலில் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெரு அக்காவுக்கு மாதம் ரூ.3,000 பேசினேன். டைப் அடிக்க, கீழ் வீட்டுக் கல்லூரிப் பெண்ணுக்கு ரிப்போர்ட்டுக்கு எட்டு ரூபாய். கணக்கெல்லாம் பிரமாதமாக இருந்தது. ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைத்தான் படிக்கவில்லை.

இந்தப் பட்டியல்கள் எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நினைக்கவில்லை. என் அம்மாச்சி ஊரில் 'இழுப்பு' என்றால் மூச்சிரைப்பு, என் மாமியார் வீட்டில் இழுப்பு என்றால் கை கால் வெட்டிக்கொள்ளும் வலிப்பு. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே டாக்டரிடம் போய் "புள்ளைக்கு இழுப்புங்க" என்றால் டாக்டர் என்ன செய்வார்? திரும்ப ஒருமுறை கேட்டுக்கொள்வார். கம்ப்யூட்டருக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. விஞ்ஞானிகளுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. புரதம் உண்டாவதை ஒரு குழு 'டிரான்ஸ்லேஷன்' என்று எழுதும், இன்னொரு குழு 'புரோட்டீன் சிந்தெசிஸ்' என்று எழுதும். 1998-ல் பழ ஈ, ஈஸ்ட், எலி ஆகிய மூன்று உயிரிகளின் தரவுத்தளக்காரர்கள் சேர்ந்து ஜீன் ஆன்டாலஜியை ஆரம்பித்ததே இந்தக் குழப்பத்தால்தான். ஹெச்பிஓ அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2008-ல் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் பீட்டர் ராபின்சன் குழுவிடமிருந்து வந்தது. மனித உடம்பில் தெரிகிற குறைபாடுகளுக்கு மட்டுமான பட்டியல் அது, இன்றைக்குப் பதினெட்டாயிரத்துக்கும் மேல் சொற்கள் இருக்கின்றன. கெபி, கேம்பிரிட்ஜ் பக்கத்திலுள்ள ஹிங்க்ஸ்டனில் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் பராமரிக்கிற வேதிப்பொருள் அகராதி. எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடுதான்: ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நம்பர், ஒரு விளக்கம், மேலே 'பெற்றோர்' என்கிற பொதுவான சொல், கீழே 'பிள்ளைகள்' என்கிற குறிப்பான சொற்கள். இதையெல்லாம் மூன்றாவது மாதம்தான் படித்தேன். முதல் நாளே படித்திருக்க வேண்டும்.

மாசி முடிவதற்குள் முதல் 400 ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. வரும்வரை காத்திருப்பானேன் என்று அடுத்த தொகுப்பைத் தொடங்கினேன். அதில் 200 முடித்திருந்தபோது மெயில் வந்தது. சரிபார்ப்பில் எனக்கு 58 சதவீதம். 95-க்குக் கீழே போனால் திருப்பிச் செய்ய வேண்டும், இரண்டு தடவைதான் திருத்த வாய்ப்பு, அப்போதும் தேறாதவற்றுக்குப் பணம் கிடையாது. இதுதான் அந்த நான்காம் பக்கம். ஆபீஸில் எட்டு வருஷமும் 97-க்குக் கீழே இறங்காதவள் நான். அந்த மெயிலை வீட்டில் யாரிடமும் காட்டவில்லை. கணவரிடம், "அவங்க சர்வர்ல ஏதோ பிரச்சினையாம்" என்று பொய் சொன்னேன். ஒரு வாரம் தூக்கமில்லை. ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு ஷரத்து வேறு இருந்ததால் வெளியே யாரிடமும் ஷீட்டைக் காட்ட முடியாது. உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஷீட்டைக் காட்ட அல்ல, ஒரு சொல்லின் பொருளைக் கேட்க. அதற்கு எந்தத் தடையும் இல்லை. ஹெச்பிஓவுக்கும் ஜீன் ஆன்டாலஜிக்கும் கிட்ஹப் என்ற இணையதளத்தில் யாரும் கேட்கக்கூடிய கேள்விப் பலகைகள் இருக்கின்றன. நமக்கு வரும் சந்தேகத்தில் பாதியை யாராவது முன்பே கேட்டு, பட்டியலைப் பராமரிப்பவர்களே பதிலும் எழுதியிருப்பார்கள். யாரைக் கேட்பது என்று தெரியாமல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் நின்றவளுக்கு அது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

மெயிலில் வெறும் சதவீதம்தான் இருந்தது. எது தப்பு என்று இல்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நானும் கேட்கவில்லை. பத்து நாள் நானாகவே தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் வெட்கத்தை விட்டு எழுதிக் கேட்டேன். மறுநாளே பிழைப்பட்டியலை அனுப்பிவிட்டார்கள். அது கேட்டால் கொடுக்கிற சாமானாம். அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தயவுசெய்து மதிப்பெண் வந்த அன்றே பிழைப்பட்டியலைக் கேளுங்கள்.

பட்டியலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த விஷயம். மார்ஃபன் சிண்ட்ரோம் உள்ள ஒரு பையனின் ரிப்போர்ட். ஒல்லியான நீள விரல்கள், வயதுக்கு மீறிய உயரம், இடம் நழுவிய கண் லென்ஸ், வீங்கிய மகாதமனி என்று இரண்டு பத்தி எழுதியிருந்தார்கள். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு, நோயின் பெயரை ஷீட்டின் குறிப்புப் பத்தியில் (நெடுவரிசையில்) போட்டுவிட்டு நகர்ந்திருந்தேன். கோடர்களுக்கு ஏன் என்று புரியும். நோய் உறுதியாகிவிட்டால், அந்த நோய்க்கே உரிய அறிகுறிகளைத் தனியாகக் கோடு செய்யக் கூடாது என்பது ஐசிடி விதி. மார்ஃபனுக்கு க்யூ87.4 வரிசையில் ஒரு கோடு, முடிந்தது. எட்டு வருஷம் இந்த விதியை மீறியவர்களின் சார்ட்டைத் திருப்பி அனுப்பியவள் நான். ஹெச்பிஓவில் எல்லாம் தலைகீழ். அங்கே நோயின் பெயரே இருக்காது, குறைபாடுகள்தான் சரக்கு. நீளமான விரலுக்கு ஒரு நம்பர், நழுவிய லென்ஸுக்கு ஒரு நம்பர்.

காரணம் தெரிந்தபோது வெட்கம் கொஞ்சம் குறைந்தது. ஐசிடி கோடு போவது பில்லுக்கும் புள்ளிவிவரத்துக்கும். ஹெச்பிஓ நம்பர் போவது தேடலுக்கு. ஒரு குழந்தைக்கு, மரபணுக்களைப் படித்துப் பார்க்கிற எக்ஸோம் பரிசோதனை செய்தால் மரபணுக்களில் பல்லாயிரம் மாறுபாடுகள் வரும். அதில் நோய்க்குக் காரணமான ஒன்றைப் பொறுக்க, எக்ஸோமைசர் போன்ற மென்பொருள்கள் அந்தக் குழந்தையின் ஹெச்பிஓ நம்பர்களை எடுத்து, தெரிந்த நோய்களின் ஹெச்பிஓ நம்பர்களோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகின்றன. பிரிட்டனின் ஒரு லட்சம் மரபணுத்தொகுதித் திட்டத்திலும் நோயாளிகளின் விவரத்தை ஹெச்பிஓவில்தான் பதிந்தார்கள். நான் "நோய்க்கு உரியதுதானே" என்று தள்ளிவிட்ட நழுவிய லென்ஸ்தான் அங்கே துப்பு. ஒரு வகையில், எனக்குக் கோடிங் தெரியாமலே இருந்திருந்தால் நன்றாகச் செய்திருப்பேன். புதிதாக ஒரு பட்டியலைக் கையில் எடுக்கும் கோடர்களுக்கு நான் சொல்வது, இது யாருக்கு, எதற்குப் போகிறது என்று முதலில் கேளுங்கள். பழைய கை தன் போக்கில் எழுதும், அதை நம்பாதீர்கள்.

'சந்தேகம்' விஷயத்திலும் பழைய கைதான் கெடுத்தது. உள்நோயாளி சார்ட்டில், டிஸ்சார்ஜ் சமயத்தில் 'இருக்கலாம்' என்று டாக்டர் எழுதினால் அதை இருப்பதாகவே கோடு செய்வோம், அமெரிக்க விதி அப்படி. இங்கேயும் அப்படியே செய்து, 'இதயக் கோளாறு இருக்குமோ என்று எக்கோ எடுக்கப்பட்டது' என்ற வரிக்கெல்லாம் இதயக் கோளாறு போட்டு வைத்திருந்தேன். அதே ரிப்போர்ட்டில் நான்கு வரி தள்ளி எக்கோ நார்மல் என்று இருக்கிறது! அப்புறம் குடும்ப வரலாறு. 'தாய் குட்டையானவர்' என்பதற்குக் குழந்தையின் கணக்கில் உயரக்குறைவு. இறந்துபோன அக்காவின் வலிப்பு, தம்பியின் கணக்கில். ஒவ்வொரு நம்பரும் யாருடையது, இருக்கிறதா இல்லையா என்ற இரண்டு கேள்விக்கும் தனித்தனிப் பத்தி வைத்துக்கொண்டு வேலை செய்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. ஷீட்டில் அந்தப் பத்திகள் இல்லையென்றால் நாமே சொந்தமாகச் சேர்த்துக்கொண்டு, அனுப்பும்போது நீக்கிவிடலாம்.

வேகத்துக்காக நான் ஒரு இலவசத் தானியங்கிக் கருவியையும் பயன்படுத்தினேன். பத்தியை ஒட்டினால் சொற்களைப் பிடித்து நம்பரோடு தரும். 'NO SEIZURES' என்பதைத் தமிழில் சொன்னால் வலிப்பு இல்லை, அவ்வளவுதான். பெரிய எழுத்தில் இருந்த அந்த இரண்டே வார்த்தையில் கருவி இரண்டு தப்பு செய்திருந்தது. வலிப்பு என்று ஒரு நம்பர், 'இல்லை' என்ற அந்த 'என்-ஓ'வுக்கு நைட்ரிக் ஆக்சைடு என்று கெபியிலிருந்து ஒரு நம்பர்! இசிஜியில் ஒயர் இணைப்பைக் குறிக்கும் 'லீட்' வருகிற இடமெல்லாம் ஈயம், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங் அல்லவா. கருவி தந்ததை நான் ஒரு தடவை கண்ணால் ஓட்டிப் பார்த்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரவு பதினோரு மணிக்கு, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்த்த லட்சணம் அது. கருவியைப் பயன்படுத்துவதில் தப்பில்லை. அது தருவதை விடை என்று எடுக்காமல், விண்ணப்பம் மாதிரி எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்கவோ தள்ளவோ வேண்டும். அதற்கு ஆகிற நேரத்தையும் ரேட்டில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

கெபியில் என் சொந்தப் பிழைகளும் இருந்தன. கர்ப்பத்தில் தாய் 'ஆல்கஹால்' எடுத்துக்கொண்டார் என்று ஒரு ரிப்போர்ட். ஆல்கஹால் என்று தேடி, வந்ததைப் போட்டேன். அது ஆல்கஹால்கள் என்கிற மொத்த வேதிவகுப்பு. அந்த அம்மா குடித்தது எத்தனால், அதற்கு நம்பர் வேறு. சிட்ரிக் அமிலத்துக்கும் சிட்ரேட்டுக்கும் தனித்தனி நம்பர். நமக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் ஒட்டியிருக்கும் புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) கூடினாலோ குறைந்தாலோ கெபிக்கு வேறு ஆள், இடையில் உறவு மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். மாறாக, பாராசிட்டமாலும் அசிட்டாமினோஃபெனும் ஒரே நம்பர். இதில் நான் இரண்டு நம்பர் இருக்கும் என்று அரைமணி நேரம் தேடியது தனிக் கதை. 'வலி நிவாரணி' என்பது பொருளே அல்ல, பொருள் வகிக்கும் பங்கு, அதற்குத் தனிக் கிளை இருக்கிறது. பெயர் பொருந்தியதும் கையை எடுத்துவிடாமல், விளக்கத்தையும் மேலே இருக்கும் பெற்றோரையும் ஒருமுறை பார்த்தால் பத்து வினாடிதான் ஆகும்.

ஜீன் ஆன்டாலஜியைப் பற்றி நிறையச் சொல்லமாட்டேன், எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் ஒன்று நன்றாக உறைத்தது. அதில் இருப்பது மரபணுவின் இயல்பான வேலை, அது கெட்டால் வரும் நோய் அல்ல. புற்றுநோய் உருவாதல் என்று நான் தேடு தேடு என்று தேடினேன், கிடைக்கவில்லை. கிடைக்காது, ஏனென்றால் அது எந்த மரபணுவின் இயல்பான வேலையும் இல்லை. இன்னொன்று: மரபணு கெட்டதால் செல்கள் அதிகமாகச் செத்தன என்று ரிப்போர்ட்டில் இருந்தால், நான் 'செல் தற்கொலை' என்று போட்டேன். கொஞ்சம் நின்று யோசித்தால், கெட்டதால் சாவு கூடியது என்றால் நன்றாக இருந்தபோது அது சாவைத் தடுத்துக்கொண்டிருந்திருக்கலாம். அதற்குச் 'செல் தற்கொலையை எதிர்மறையாக ஒழுங்குபடுத்துதல்' என்று தனிச் சொல் இருக்கிறது. தற்கொலை, அதன் ஒழுங்குபடுத்தல், கூட்டுதல், குறைத்தல் என்று நான்கும் நான்கு நம்பர். நான் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருந்தேன். சாட்சி எப்படிப்பட்டது என்பதற்கும் மூன்றெழுத்துக் குறியீடு போட வேண்டும். நேரடி ஆய்வு, மரபணுவைக் கெடுத்துப் பார்த்த ஆய்வு, ஆளே பார்க்காமல் கம்ப்யூட்டர் ஒட்டியது என்று வகை உண்டு. நான் அந்தப் பத்தி முழுக்க ஒரே குறியீட்டை நிரப்பி வைத்திருந்தேன்.

நிரப்பியது என்றதும் அந்தக் கதைக்கு வந்துவிடுகிறேன். பிழைப்பட்டியலில் ஒரு பகுதி எனக்குப் புரியவே இல்லை. வலிப்பு மட்டுமே உள்ள குழந்தைகளுக்கெல்லாம் என்னென்னவோ நம்பர்கள். ஒரு குழந்தைக்குத் தள்ளாட்டம், ஒரு குழந்தைக்குத் தசைத் தளர்ச்சி, ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வார்த்தையே இல்லை. கீழ் வீட்டுப் பெண் தப்பாக டைப் அடித்துவிட்டாள் என்று முடிவுகட்டினேன். அவளைக் கூப்பிட்டு, "காசு வாங்குறேல்ல, கொஞ்சம் கவனமா செய்யக்கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியது. இரண்டு நாள் கழித்து ஷீட்டின் பழைய பதிப்புகளைத் தோண்டியபோதுதான் தெரிந்தது, அந்த வரிசைகளில் அவள் கையே வைக்கவில்லை. வலிப்பு ரிப்போர்ட்டுகளை மட்டும் ஒன்றாக வரிசைப்படுத்தி, முதல் செல்லில் 'ஹெச்பி:0001250' என்று வலிப்பின் நம்பரைப் போட்டு, செல்லின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தவள் நானேதான். எக்ஸெல் அதைத் தொடர் எண் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கூட்டியிருக்கிறது. 1251 தள்ளாட்டம். 1252 தசைத் தளர்ச்சி. ஐந்தாவது குழந்தைக்கு 1254, மந்தநிலை. எட்டாவதுக்கு 1257, தசை விறைப்பு. பத்தாவது குழந்தையின் 1259-ஐத் தேடிப் பார்த்தேன். கோமா. ஒரு இழுப்பில் பத்துப் பிள்ளைகளை வலிப்பிலிருந்து கோமாவரை கொண்டுபோய்விட்டேன். சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. அந்தப் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள். அது பரவாயில்லாத மாதிரி இல்லை.

இதன் பிறகு எக்ஸெலில் நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம்பரைக் கீழே கொண்டுபோக மூலையைப் பிடித்து இழுக்காமல் கன்ட்ரோல்-டி அழுத்துகிறேன், அது அப்படியே நகலெடுக்கும். 'ஹெச்பி' என்ற முன்னொட்டை வெட்டிவிட்டு வெறும் எண்ணாக வைத்தால் முன்னாலிருக்கும் பூஜ்யங்கள் காணாமல் போய் 0001250 என்பது 1250 ஆகிவிடும், அதனால் முன்னொட்டை வெட்டுவதே இல்லை. மரபணுப் பெயர்ப் பத்தியை ஷீட் திறந்த உடனே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுகிறேன். பழைய ரிப்போர்ட்டுகளில் செப்ட்9 என்று ஒரு மரபணு வரும், எக்ஸெல் அதைச் செப்டம்பர் 9 என்று தேதியாக்கிவிடும். இந்தத் தொல்லையால் மரபணுப் பெயரிடும் குழுவே 2020-ல் அதைச் செப்டின்9 என்று மாற்றியது என்றால் பாருங்கள், உலகமே எக்ஸெலுக்குப் பணிந்துபோயிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, நம்பருக்குப் பக்கத்தில் அதன் பெயரையும் ஒரு பத்தியில் வைப்பது. அந்தப் பெயரை நாம் டைப் அடிக்காமல், பட்டியலின் மூலக் கோப்பிலிருந்து, நம்பரைத் தேடிப் பெயரைக் கொண்டுவருகிற 'விலுக்கப்' (VLOOKUP) சூத்திரம் போட்டு வரவழைக்க வேண்டும். அந்த ஒரு பத்தி இருந்திருந்தால் பத்தாவது குழந்தைக்கு எதிரே 'கோமா' என்று அன்றைக்கே கண்ணை உறுத்தியிருக்கும்.

மூலக் கோப்பு என்றதும் இன்னொரு அசட்டுத்தனம். நான் வைத்திருந்தது பழைய தோழி ஒருத்தி அனுப்பிய எக்ஸெல் பட்டியல், குறைந்தது மூன்று வருஷப் பழசு. இந்தப் பட்டியல்களெல்லாம் வருஷத்துக்குப் பல தடவை புதுப்பிக்கப்படுபவை. பெயர் மாறும், நம்பர் மாறாது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு ஹெச்பிஓவில் முன்பு இருந்த ஆங்கிலப் பெயர் இன்றைக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற பெயர். அதை மாற்றிவிட்டார்கள், 0001249 என்ற நம்பர் அதேதான். சில சொற்களை வழக்கொழிந்தவை என்று ஒதுக்கிவிட்டு, பதிலாக எதைப் பயன்படுத்துவது என்றும் எழுதி வைப்பார்கள். என் ஷீட்டில் அப்படிச் செத்த நம்பர்கள் ஒரு முப்பது, நாற்பது இருந்தன. எந்தத் தேதியிட்ட வெளியீட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று வேலை கொடுப்பவரிடமே எழுத்தில் கேட்டு வாங்கி, அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நேராக இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான்.

ஆழம் பற்றியும் ஒரு வார்த்தை. ரிப்போர்ட்டில் வெறும் 'ஃபிட்ஸ்' என்று இருந்தால் நான் என் அனுபவத்தில், இது அந்த வகை வலிப்பாகத்தான் இருக்கும் என்று குறிப்பான ஒரு பிள்ளைச் சொல்லைப் போட்டேன். வேறு சில இடங்களில் எதற்கும் இருக்கட்டும் என்று 'நரம்பு மண்டலக் குறைபாடு' என்ற பெரிய பெற்றோரையும் சேர்த்தேன். முதலாவது இல்லாததைச் சொல்வது, இரண்டாவது வீண். பிள்ளையைச் சொன்னால் பெற்றோர், பாட்டன், பூட்டன் எல்லாரும் தானாகக் கணக்கில் வந்துவிடுவார்கள், மரத்தின் அமைப்பே அப்படி. எழுதியவர் எந்தப் படிவரை இறங்கினாரோ அந்தப் படியில் நாமும் நின்றுவிட வேண்டும்.

முதல் திருத்தத்தில் 86 வந்தது. இரண்டாவதில் பெரும்பாலானவை தேறின, 140 ரிப்போர்ட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். ஆனி மாதம் கணக்கு முடிந்தது. 660 ரிப்போர்ட்டுக்கு ரூ.36,300. அதில் தாமதத்துக்காக 15 சதவீதம் பிடித்தம் போக ரூ.30,855 வந்தது. டைப் அடித்த பெண்ணுக்கு ரூ.6,400, தள்ளப்பட்டதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன், அது அவள் தப்பில்லை. பையனைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு ஐந்து மாதத்துக்கு ரூ.15,000. மிச்சம் ரூ.9,455. மாதத்துக்கு ரூ.1,900 கூட இல்லை. கணவரிடம் அன்றைக்குத்தான் முழுசாகச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "சர்வர் பிரச்சினைன்னு சொன்னியே, அதுக்கு என்னாச்சு?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பேசாமல் திட்டியிருக்கலாம்.

வேலை கொடுத்தவர்களை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். வழிகாட்டி ஆவணம் ஒன்று அவர்களிடம் இருந்திருக்கிறது, 22 பக்கம். எனக்கு அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. சரியாக நிரப்பிய மாதிரி ரிப்போர்ட்டுகள் பத்துகூட இருந்தன. இரண்டும் இல்லாமல் இந்த வேலையை யாராவது கொடுத்தால், ரேட் எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் தொடாதீர்கள். ஒப்பந்தத்தில் மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுவார்கள் என்றும் பாருங்கள். என் விஷயத்தில், பெற்றோர்ச் சொல்லைப் போட்டாலும் முழுத் தப்புதான், முற்றிலும் வேறு கிளையைப் போட்டாலும் முழுத் தப்புதான். பாதி மதிப்பெண் உண்டா என்று ஆரம்பத்திலேயே பேசியிருந்தால் 58 என்பது எழுபதுக்கு மேலாவது போயிருக்கும்.

ஐப்பசியில் வேறு ஓர் இடத்திலிருந்து இதே மாதிரி வேலை வந்தது. ஏற்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்று விஷயம் கேட்டு எழுதினேன்: எந்த வெளியீடு, வழிகாட்டி ஆவணம், நிரப்பிய மாதிரிகள். மூன்றும் வந்தன. முதல் 25 ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை அடுத்ததைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டேன். நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் பையனோடு விளையாடிக்கொண்டிருந்தேன், லேப்டாப்பை மூடியே வைத்திருந்தேன். 91 வந்தது, கூடவே பிழைப்பட்டியலும். கீழ் வீட்டுப் பெண்ணைத் தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டேன். வந்தாள். ஷீட்டைத் திறந்து முதல் நம்பரைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், "அக்கா, இத நான் இழுக்கவா, இல்ல நீங்களே இழுக்கிறீங்களா?"